நாற்பதுக்கு முன் ஒரு முப்பது

நம் மூத்த மகளுக்கு 31ஆம் வாரத்திலேயே பேறு நிகழ்ந்துவிட்டது. பெண் குழந்தை, எடை 1,450 கிராம். மூன்றாம் நாள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்க்க அனுமதித்தார்கள். நீல விளக்கின் கீழ், கண்கள் இரண்டும் பட்டைத் துணியால் மூடப்பட்டு, கைக்கடக்கமாகக் கிடந்தது அந்தப் பிஞ்சு. நம் நெஞ்சு திடுக்கிட்டது. “கண்ணுக்கு என்ன கேடம்மா?” என்று செவிலியரை வினவினோம். “கண்ணுக்கு ஒன்றுமில்லை ஐயா, இது மஞ்சள் காமாலைக்கான விளக்கு, வெளிச்சம் கண்ணில் படாதிருக்கவே மூடியிருக்கிறோம்” என்றார்.

அவர் தெளிவாகத்தான் சொன்னார். நம் மனந்தான் தெளியவில்லை. வலிய ஒளியை நோக்கும் கண் நோகிறது என்ற எளிய அனுபவத்தை முன்வைத்துப் பஸராவின் அறிஞர் இப்னுல் ஹைதம் தமது ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் பார்வையை ஆராய்கிறார் என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருபவர் நாம். முதிர்ந்த கண்ணே நோகுமாயின் இந்த இளங்கண் என்னாகும்? பிள்ளை வீடு வந்ததும் சன்னல்களுக்குத் தடித்த திரை போடச் செய்தோம். விளக்குகளையும் மாற்றினோம். கண்ணைக் காத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டோம்.

வீடு வந்தது 25ஆம் நாள். மருத்துவமனையில் கொடுத்த தாளின் அடியில், 30ஆம் நாளுக்குள் கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டுமென்று எழுதியிருந்தது. அரபுப் பிரதிகளில் ஓரக்குறிப்பையும் விடாது வாசிக்கும் நாம் அந்த வரியைக் கவனிக்கவில்லை. கவனித்தவள் மகள், அதுவும் 28ஆம் நாளில். கண் மருத்துவமனையோ 90 கிலோமீட்டருக்கு அப்பால்.

நம் உம்மா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். “நாற்பது குளிக்காத பிள்ளைத்தாய்ச்சியும் பச்சைமண்ணும் வாசல் தாண்டுவதா? நீ ஓதினவன், நீயே சொல்லு” என்று நம் பக்கம் திரும்பினார்.

ஓதியவருக்கு விடை தெரியாமல் இல்லை. பேற்றுக்குப்பின் வரும் நிஃபாஸின் உச்ச எல்லை ஹனஃபி மத்ஹபில் 40 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். அச்சட்டம் தொழுகை, நோன்பு முதலியவற்றைக் குறித்ததேயன்றி, நோயுற்ற பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு செல்வதைத் தடுப்பதன்று. வீட்டுக்குள் அடைந்திருப்பது ஊர் வழக்கம். தாய்க்கு ஓய்வாக அமைந்த நல்ல வழக்கமுங்கூட. இவ்வளவையும் அறிந்திருந்தும், எண்பதை நெருங்கும் தாயாரை எதிர்த்துப் பேசத் துணியாமல், “பார்க்கலாம்” என்று எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டோம். அந்த ஒரு சொல்லை இன்றுவரை நாம் மன்னிக்கவில்லை.

இஷாவுக்குப் பின் வீடு திரும்பியபோது மகள் கூடத்திலேயே அமர்ந்திருந்தாள். “வாப்பா, ஊரார் கேட்டால் பத்வா சொல்கிறீர்கள். எனக்குச் சொல்லமாட்டீர்களா?” என்றாள். மறுநாள் உம்மாவிடம் உள்ளதைச் சொன்னோம். முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் 30ஆம் நாள் விடியலில் பிள்ளையைச் சுற்றத் தம்முடைய கம்பளிச் சால்வையை எடுத்துத் தந்தவரும் அவரே.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, இமைகளைச் சிறு கம்பியால் விலக்கிப் பார்த்தார் மருத்துவ அம்மையார். பிள்ளை வீறிட்டது; நாம் வெளியே போய்விட்டோம். பின்னர் அவர் விளக்கியது இது. கருவில் 16ஆம் வாரமளவில் விழித்திரையின் நடுவிலிருந்து இரத்தக் குழாய்கள் படரத் தொடங்குகின்றன. மூக்குப்புற ஓரத்தை 36ஆம் வாரமளவிலும் பொட்டுப்புற ஓரத்தை 40ஆம் வாரமளவிலும் அடைகின்றன. (இங்கும் ஒரு நாற்பது!) முன்கூட்டிப் பிறந்துவிட்டால் அவ்வளர்ச்சி நடுவழியில் நின்றுபோகிறது. குழாய் எட்டாத ஓரப்பகுதி பிராணவாயுவுக்கு ஏங்கி அழைப்பு விடுக்க, தாறுமாறான புதுக் குழாய்கள் முளைத்து, இரத்தம் கசிந்து, இறுதியில் விழித்திரையையே பிய்த்துவிடும். ஆர்.ஓ.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நோய் வெளிப்பார்வைக்குத் தெரியாது. நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் அல்லது 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தவர்களை 30 நாளுக்குள் பரிசோதிக்க வேண்டும். மிகச் சிறியவர்களை இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும்.

“நாங்கள் வெளிச்சமே படாமல் வைத்திருந்தோமே!” என்றோம். அம்மையார் முறுவலித்தார். “வெளிச்சத்தின் மேல் குற்றமில்லை ஐயா.”

அச்சொல்லின் பின்புலத்தைப் பிறகு தேடி வாசித்தோம். 1942இல் பாஸ்டன் நகரில் தியோடர் டெரி என்னும் மருத்துவர் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இதனால் பார்வையிழந்தனர் என்பர். உயிர்காக்கத் தாராளமாக அளித்த பிராணவாயுவே காரணமாகலாம் என்று 1951இல் மெல்போர்ன் நகரின் கேட் கேம்ப்பெல் அம்மையார் சுட்டினார். அமெரிக்க ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. ஆயினும் ஒளியின் மேலிருந்த ஐயம் போகவில்லை. விளக்கொளி குறைந்த அறைகளில் நோய் குறைவு என்று 1985இல் வாஷிங்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. நம் சன்னல் திரைக்கு அப்படியொரு முன்னோடி இருந்திருக்கிறது! பின்னர் 409 குறைமாதக் குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதியினருக்கு 97 விழுக்காடு ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அணிவித்துச் சோதித்தனர். 1998இல் முடிவு வெளியாயிற்று: கண்ணாடி அணிந்தோரில் 54 விழுக்காட்டினர்க்கும் அணியாதோரில் 58 விழுக்காட்டினர்க்கும் நோய் கண்டது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை.

அதோடு நிற்கவில்லை. 2013இல் சின்சினாட்டி, சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், கருவுற்ற எலிகளை இருளில் வைத்தால் குட்டிகளின் கண்ணில் குழாய்கள் பெருகித் தாறுமாறாகின்றன என்று கண்டனர். தாயின் வயிற்றை ஊடுருவிச் செல்லும் சிறிதளவு ஒளியே கண்ணைச் சீராக வளர்க்கிறதாம்! 2019இல் ஊதா ஒளியை உணரும் ஒரு புரதத்திற்கும் அதில் பங்குண்டு என்று கண்டனர். கான்பராவிலோ குறைமாதக் குழந்தைகளுக்கு 670 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியை நாள்தோறும் சிறிது நேரம் காட்டி, அது தீங்கற்றதா என்று சோதித்து 2015இல் அறிவித்தனர். ஒளியாலேயே இந்நோயைத் தடுக்கும் காலம் வரலாம். அதற்காக வீட்டில் பிள்ளையை வெயிலில் காட்டவோ சிவப்பு விளக்கு வாங்கி மாட்டவோ எவரும் முனைய வேண்டாம். எலியிலும் சிறு சோதனையிலும் கண்டது மருத்துவமாகிவிடவில்லை.

நம் பேத்திக்கு ஆன மருத்துவமும் ஒளிதான். வேறு வகை ஒளி. 30ஆம் நாள் நோயின் தொடக்கம் தெரிந்தது. 37ஆம் நாள் குழாய்கள் விரிந்து முறுக்கேறியிருந்தன. 39ஆம் நாள் லேசர் கதிரால் விழித்திரையின் குழாயற்ற ஓரங்களை நூற்றுக்கணக்கான புள்ளிகளாகச் சுட்டனர். ஏங்கி அழைக்கும் பகுதியை அடக்கிவிட்டால் தீய குழாய்கள் வாடிவிடும். பக்கப்பார்வையில் கொஞ்சத்தை ஈந்து நடுப்பார்வையை மீட்கும் பேரம் அது. சிலருக்குக் கண்ணுக்குள் ஊசிமருந்தும் செலுத்துகிறார்கள். நாற்பது கழியட்டும் என்று வீட்டிலிருந்திருந்தால்? அக்கேள்வியை உம்மாவும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

1996இல் சென்னையில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு இச்சோதனை உரிய காலத்தில் நடக்கவில்லை, பார்வை போயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் அக்குடும்பத்துக்கு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. தீர்ப்பு வந்தபோது அப்பெண்ணுக்கு 18 வயது.

பேத்திக்கு இப்போது ஆறு வயது. கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி அணிந்திருக்கிறாள். ஆண்டுதோறும் கண்ணைக் காட்டி வருகிறோம். மக்ரிபுக்குப் பின் நம்மிடம் ஓத அமர்கிறாள். சென்ற வாரம் ‘பே’க்கும் ‘தே’க்கும் புள்ளி வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கையில், நம் விரல் தவறான எழுத்தின் மேல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, “அப்பா, நீங்கள் கண்ணாடி போடவில்லையா?” என்று கேட்டாள். அருகில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த உம்மா வாய்விட்டுச் சிரித்தார்.