இடப்புறம் இழுத்த வண்டி

வலத்தோளில் ஒரு வலி. 2024ஆம் ஆண்டின் தவக்காலம் நெருங்கிய நாள்களில் அது நம்மை வாட்டத் தொடங்கியது. ஐம்பதைக் கடந்தவருக்குத் தோள்வலி வருவது புதுமை அன்று. திருப்பலியில் நாம் கைகளை விரித்து நிற்கும்போது வலக்கை சற்றே தாழ்ந்திருப்பதை உபதேசியார்கூடக் கவனித்துவிட்டார். தைலம் தடவினோம், தலையணையை மாற்றினோம், வயதைக் குறை கூறினோம். காரைக் குறை கூற வேண்டும் என்பது நமக்குத் தோன்றவே இல்லை.

பங்கு இல்லத்தின் கார் பன்னிரண்டு வயதான சிறிய வண்டி. நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தால் அதில்தான் விரைகிறோம். மறைக்கல்விப் புத்தகங்களும், அன்பியக் கூட்டத்திற்கான பாயும், சில வேளைகளில் அரிசி மூட்டையும் அதில்தான் பயணம் செய்கின்றன. இவற்றினும் மேலாக, சிறுநீரகம் பழுதுற்ற மூதாட்டி ஒருவரை வாரம் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதும் அந்த வண்டியே. அவருடைய மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முறைப்பணி செய்கிறார். பகல் முறை விழும் வாரங்களில் அவரால் வர இயலாது.

வேலப்பன்சாவடியை அறிந்தவர்கள் அந்தச் சாலையையும் அறிவார்கள். ஊரின் பெயரிலேயே சாவடி இருக்கிறது. வழிப்போக்கர் இளைப்பாறும் இடத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. இன்று அங்கே இளைப்பாறுவார் எவரும் இலர். பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று நாமும், பெங்களூரு நெடுஞ்சாலை என்று லாரி ஓட்டுநர்களும் அழைக்கும் அந்தப் பெருவழியில், கார் ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களும், கல்லூரிப் பேருந்துகளும், தண்ணீர் லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் நடுவே நம் சிறிய கார் செல்வது, யானைக் கூட்டத்தின் கால்களுக்கு ஊடே ஆட்டுக்குட்டி செல்வதைப் போன்றது.

ஒரு வெள்ளிக்கிழமை நமக்கு அடக்கத் திருப்பலி இருந்தமையால், பங்கின் இளைஞர் ஒருவர் மூதாட்டியை அழைத்துச் சென்றார். மாலையில் சாவியைத் திருப்பித் தந்தவர், சற்றுத் தயங்கி, "பாதர், வண்டி லெப்ட்ல இழுக்குதே, கவனிச்சீங்களா?" என்றார்.

"அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, தம்பி. நாம் தினமும் ஓட்டுகிறோமே" என்றோம். அம்பாசிடர் காரில் ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்ற செருக்கு நமக்கு உண்டு. இருபத்து மூன்று வயதுப் பிள்ளை நமக்கு வண்டியைப் பற்றிச் சொல்வதா?

மறுநாள் அதிகாலையில், எவரும் பார்க்காத வேளையில், வண்டியை எடுத்துச் சென்று, ஆளற்ற ஒரு நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கின் மேல் இருந்த பிடியைச் சற்றே தளர்த்திப் பார்த்தோம். விரல்கள் வளையத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. பத்து எண்ணுவதற்குள் வண்டி இடப்பக்க மண்ணை நோக்கி இறங்கத் தொடங்கியது. பதறிப் பிடித்தபோதுதான் தோளில் அந்தப் பழகிய வலி சுரீரென்றது. இடக்கை கியரில் இருக்க, வலக்கை ஒன்றே வாரக்கணக்கில் அந்த வண்டியை வலப்புறம் இழுத்துப் பிடித்து வந்திருக்கிறது. கை செய்து வந்த வேலையைப் பற்றித் தலைக்கு ஒரு செய்தியும் போகவில்லை. (இதை வைத்து ஒரு மறையுரை செய்துவிடலாம் என்ற சபலம் அந்தக் கணமே எழுந்தது. அடக்கிக்கொண்டோம்.)

எப்போது தொடங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையும் புறநகரும் மூழ்கியிருந்தன அல்லவா? நீர் வடியும் முன்னரே, ஒரு நோயாளியின் வீட்டுக்குச் சென்று திரும்புகையில், தேங்கிய நீருக்கடியில் மறைந்திருந்த பள்ளத்தில் முன்பக்க இடச்சக்கரம் 'தொம்' என்று விழுந்து எழுந்தது. வண்டி நிற்காமல் ஓடியதால், அத்தோடு மறந்துபோனோம்.

சக்கரச் சீரமைப்புக் கடை ஒன்றுக்குச் சென்றோம். 'வீல் அலைன்மெண்ட்' என்றால்தான் எவருக்கும் புரியும். நாம் இறங்கி வாய் திறக்கும் முன்பே கடைக்காரர் வண்டியை ஒரு பார்வை பார்த்து, "அலைன்மெண்ட் போயிடுச்சு சார். பேலன்சிங்கும் சேர்த்துப் பண்ணிடலாம்" என்றார். தொட்டுப் பார்க்கவில்லை, ஓட்டிப் பார்க்கவில்லை, ஒரு பார்வைதான். நமக்கு ஐயம் பிறந்தது. முன்பு ஒருமுறை வேறோர் ஊரில், ஓராண்டில் இருமுறை இதே வேலைக்குப் பணம் கொடுத்தும் டயர் தேய்ந்துகொண்டே போன அனுபவம் நமக்கு உண்டு. தொகை சில நூறு ரூபாய்தான். ஆயினும் அது மக்கள் காணிக்கையாக இட்ட பணம். பங்குப் பேரவையில் கணக்கு வாசிக்கும்போது நாம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். "பிறகு வருகிறோம்" என்று திரும்பிவிட்டோம். தேவை உண்டா இல்லையா என்பதை முதலில் நாமே அறிந்துகொள்வது என்று முடிவு செய்தோம்.

நம் பங்கில் பாடித் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் பலர். அம்பத்தூர், பாடி, ஆவடி வட்டாரமே ஒரு பெரும் பட்டறை அல்லவா! 1960இல் நிறுவப்பட்டுச் சக்கரங்களைச் செய்துவரும் வீல்ஸ் இந்தியா பாடியில் இருக்கிறது. ஆவடியிலோ சக்கரத்தைப் பட்டையால் சுற்றிக்கொண்டு ஓடும் டாங்கிகளைச் செய்கிறார்கள். சக்கரத் தொழிலிலேயே முப்பது ஆண்டு கழித்த அன்பர் ஒருவர், ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலயத் தாழ்வாரத்தில் நின்று நமக்குப் பாடம் நடத்தினார்.

முதலில் தம் இரு பாதங்களின் விரல்களையும் உட்புறம் திருப்பி நின்றார். "இதுதான் சாமி 'டோ'. முன்சக்கரம் ரெண்டும் இப்படி உள்ளே பார்க்கலாம், வெளியேயும் பார்க்கலாம்." பிறகு முழங்கால்களை வளைத்து, பாதத்தின் ஓரத்தில் மட்டும் ஊன்றி நின்றார். அது 'கேம்பர்': சக்கரம் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து நிற்பது. மூன்றாவதாகிய 'காஸ்டர்' என்பதற்குச் சைக்கிளைக் காட்டினார். கையை விட்டாலும் சைக்கிள் நேரே ஓடுவதற்கு, அதன் முன்பக்கத் தண்டு சாய்ந்திருப்பதும் ஒரு காரணம்; காரின் ஸ்டியரிங் வளைவில் திரும்பிய பின் தானே நேராவதும் அவ்வாறே. இளைஞர் சிலர் கூடி நின்று சிரித்தனர். அவர் பொருட்படுத்தவில்லை.

நம்மை வியக்கச் செய்தது அவர் போட்ட கணக்கு. சிறிய காரின் டயர் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் விட்டம் உடையது. அந்த நீளத்திற்குள் சக்கரம் வெறும் 2 மில்லிமீட்டர் கோணலாக நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அந்த டயர் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தூரம் பக்கவாட்டில் தார்ச்சாலையோடு உரசப்படுகிறது. இரு சக்கரங்களும் ஒரே அளவில் கோணலானால் வண்டி எப்பக்கமும் இழுக்காது; ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது; டயர் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். அதேபோல், இழுக்கின்ற வண்டிகளுக்கெல்லாம் அலைன்மெண்ட் கெட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. எண்பதில் போகும்போது ஸ்டியரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் பேலன்சிங் குறை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதால் மக்களும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறார்கள்.

"மாட்டு வண்டி ஓட்டியிருக்கீங்களா சாமி?" என்று கேட்டார். நம் சிறுவயதில் வீட்டில் இரட்டை மாட்டு வண்டி இருந்தது. இடத்துமாடு சோம்பினால் வண்டி இடப்புறமே திரும்பும். வலத்துமாட்டின் மேல் குற்றமில்லை. நுகத்தடியும் நேராகத்தான் இருக்கும். "காத்து இறங்கின டயர் சோம்பேறி மாடு. பிடிச்ச பிரேக்கும் அப்படித்தான். முதல்ல அதைப் பாருங்க, மெஷின்ல ஏத்துறது கடைசி" என்றார்.

அவர் சொன்ன வரிசைப்படியே செய்தோம். காலையில், வண்டி ஓடிச் சூடேறும் முன், காற்றை அளந்தோம். ஓட்டுநர் கதவோரத்துச் சீட்டில் 30 என்று இருந்தது, வலப்புறம் 30 இருந்தது, இடப்புறம் 23. பெருமூச்சு விட்டோம். இவ்வளவுதானா! நிரப்பி ஓட்டினோம். இழுப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் அறவே நீங்கவில்லை.

அடுத்து, சாலை. மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலையை நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்ற அளவில் ஓரத்தை நோக்கிச் சரித்தே போடுகிறார்கள். இடப்புறம் ஓட்டும் நம் நாட்டில், குறையற்ற வண்டியும் கையை விட்டால் மெல்ல இடப்புறமே ஒதுங்கும். எனவே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓட்டித் தீர்ப்பு வழங்க இயலாது. திங்கட்கிழமை காலை, பாரிவாக்கத்திற்கு அப்பால், இன்னும் வீடு எழும்பாத மனைப்பிரிவு ஒன்றின் சமதளமான நேர்ச்சாலையின் நடுவே போகவும் வரவும் ஓட்டினோம். சாலையின் சரிவுதான் காரணம் என்றால், திரும்பி வரும்போது இழுப்பும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. இறங்கி இரு முன்சக்கர ரிம்களின் அருகிலும் கையைக் கொண்டுசென்று பார்த்தோம். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் பிரேக் பிடித்திருக்கிறது என்று பொருள். சூடு இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது.

காற்றை மீண்டும் அளந்தபோது இடப்புறம் 27 ஆகியிருந்தது. எங்கோ கசிகிறது. வேலப்பன்சாவடியில் சாலையோரத்துப் பஞ்சர் கடைக்கு வண்டியைக் கொண்டுசென்றோம். தகரக் கூரை, ஒரு கம்ப்ரசர், ஒரு தொட்டித் தண்ணீர், வயது பதினெட்டு அல்லது பத்தொன்பது இருக்கும் ஒரு பையன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றியவன், நாம் ஒன்றும் கேளாமலே, டயரின் பட்டன்கள் மேல் உள்ளங்கையை ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமும் தேய்த்தான். நம் கையையும் பிடித்துத் தேய்க்கச் செய்தான். ஒரு திசையில் வழுக்கியது. மறு திசையில் அரம் போல் உரசியது. "அலைன்மெண்ட் தேய்மானம் சார் இது" என்றான். அடுத்துச் சக்கரத்தைப் புரட்டிப்போட்டான். பேச்சை நிறுத்திவிட்டான்.

டயரின் உட்புறச் சுவரில், வண்டியில் மாட்டியிருக்கும்போது எவர் கண்ணுக்கும் தெரியாத பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். பள்ளத்தில் விழுந்த அடியில் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்து, மேலிருக்கும் வெறும் ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. ரிம்மின் உள்விளிம்பும் நெளிந்து, அதன் வழியேதான் காற்று கசிந்திருக்கிறது. "இது எப்ப வேணும்னாலும் வெடிக்கும் சார். பைபாஸ்ல போகும்போது வெடிச்சிருந்தா…" என்று தொடங்கியவன், நம் முகத்தைப் பார்த்தோ என்னவோ, முடிக்கவில்லை.

நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்து வாரங்கள், வாரம் இருமுறை, போகவும் வரவும். ஏறத்தாழ நாற்பது முறை அந்த மூதாட்டியைப் பின்னிருக்கையில் அமர்த்தி, அந்த வீக்கத்தின் மேல், டிரெய்லர்களின் நடுவே ஓட்டியிருக்கிறோம். அவர் செபமாலை சொல்லிக்கொண்டே வருவார். நாம் தோள்வலியைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டு வருவோம். சில நூறு ரூபாயைக் காக்கும் பொருட்டு மனைப்பிரிவுச் சாலையில் நாம் நடத்திய ஆராய்ச்சியும் அந்த டயரின் மேல்தான் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாளே நான்கு சக்கரங்களையும் கழற்றி இருபுறமும் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். வாகனம் வைத்திருக்கும் அன்பர்கள், பலமாகப் பள்ளத்தில் விழுந்து எழுந்தால், வண்டி இழுத்தாலும் இழுக்காவிட்டாலும், உட்புறச் சுவரை ஒருமுறை பார்த்துவிடுவது நன்று.

அன்று ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு திரும்பினோம். ரிம்மைப் பெண்டு எடுத்து, முன்புறத்திற்கு இரண்டு டயர்களும் புதிதாக வாங்கினோம். ஒரே அச்சில் பழையதும் புதியதுமாக ஓடுவது நன்றன்று. பின்னர், சற்றே கூச்சத்துடன், முதலில் நாம் ஐயுற்றுத் திரும்பிய அதே கடைக்குச் சென்றோம். சக்கரங்களில் தகடுகளை மாட்டியதும் திரையில் எண்கள் தோன்றின. இடச்சக்கரத்தின் டோ சிவப்பில் இருந்தது. கேம்பர் அளவுக்குள் இருந்தது. கீழே படுத்து, டை ராடைத் திருகியபோது சிவப்பு மெல்லப் பச்சையாயிற்று. அவர் அன்று சொன்னது மெய்யே. அவர் சொன்னபடி அன்றே செய்து, டயரை எவரும் கழற்றிப் பார்க்காமல் இருந்திருந்தால், பச்சை எண்கள் அச்சிட்ட தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த வீக்கத்தோடு நாம் ஓடிக்கொண்டிருப்போம் என்பதும் மெய்யே.

பணம் கொடுக்கையில் கேட்டுவிட்டோம். "அன்று தொட்டுக்கூடப் பார்க்காமல் எப்படிச் சொன்னீர்கள்?"

"நீங்க நேரா வந்து நிறுத்துனீங்க சார். வீல் நேரா இருந்துச்சு, ஸ்டியரிங் கோணலா இருந்துச்சு. அதான் பார்த்தேன்" என்றார் அவர், தாளில் எண்களைக் குறித்துக்கொண்டே. ஸ்டியரிங்கின் நடுவில் உள்ள சின்னம் வலப்புறம் சாய்ந்து நின்றதை, நாள்தோறும் அதற்கு நேரே அமர்ந்திருந்த நாம் ஒருமுறையும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மூதாட்டியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்கினோம். வண்டி நூல் பிடித்தாற்போல் ஓடியது. மதுரவாயலை நெருங்கும் வேளையில் பின்னிருந்து குரல் வந்தது. செபமாலையை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: "ஏன் சாமி, வலப்பக்கமாவே ஒதுங்கிப் போறீங்க?"

நம் வலக்கை பழைய வேலையை இன்னும் விடவில்லை.