பத்தடி வேலி

குவைத் அப்பாசியாவுக்கு வந்து ஏழு வருடமாக நாங்கள் ஒரு கன்றும் வைக்கவில்லை. "நாளைக்கு விசா முடிஞ்சால் ஆர் தண்ணி ஊத்துறது?" என்பதே வீட்டில் பேச்சு. இங்கே வேலை போனால் இருப்பும் போய்விடும். ஊரில் வளவை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு வாடகை வீட்டு வாசலில் மண் கிண்ட மனம் வராதுதானே.

மகள்தான் ஒருநாள் கேட்டாள்: "அம்மா, வேலி எண்டால் என்ன?" கிளுவை, பூவரசு, கிடுகு என்று சொல்லிப் பார்த்தோம். அவள் கண்டதெல்லாம் சீமெந்து மதில், பிள்ளைக்கு விளங்கவில்லை.

படியடியில் பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு மணல் துண்டு கிடந்தது. ஹாரிஸ் என்று இங்கே சொல்லப்படும் கட்டடக் காவலாளி சம்மதித்தார். அல் ராய் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செவ்வரத்தை நான்கு வாங்கி மே மாதத்தில் நட்டோம். ஜூன் புழுதிக் காற்றில் நான்கும் கருகின. பிழை எங்களுடையதுதான். 2016 ஜூலை 21 இல் மித்ரிபாவில் 53.9 பாகை செல்சியஸ் பதிவான நாடு இது. நடுவதானால் ஒக்ரோபர் கடைசி அல்லது நவம்பர்.

அடுத்தமுறை விசாரித்துத்தான் வாங்கினோம். கொனோகார்ப்பஸ் எப்போதும் பச்சை, வேகமாகவும் வளரும். ஆனால் அது மரமாகும் சாதி. வேர் ஈரத்தைத் தேடிப் போய்க் குழாயை உடைக்கும். சின்ன இடத்துக்குக் கன்று வாங்குபவர்கள் அது இன்று நிற்கும் உயரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது.

செவ்வலரியில் குட்டைச் சாதி உண்டு. உப்புக்கும் வெயிலுக்கும் அசையாது. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாம் நஞ்சு. எங்கள் இளையவனுக்கு இரண்டு வயது. கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குள். மலிவாகக் கிடைத்தும் வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

கடைசியில் வாங்கியது சங்கங்குப்பி. ஊரில் களப்புக் கரையோரம் உப்புத் தரையில் ஒருவரும் கவனியாமல் நிற்கிற பற்றைதான். விட்டால் ஆளுயரத்துக்கு மேல் போகும். மாதம் ஒருமுறை கத்தரித்தால் இரண்டடியில் நெருங்கி நிற்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஆறு கன்று வைத்தோம். மூலையில், வெயில் குறைந்த பக்கம், சாடியில் ஒரு கறிவேப்பிலை. போகிற நாள் வந்தால் தூக்கி யாருக்கும் கொடுக்கலாமே!

தண்ணீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் கூரைத் தாங்கியிலிருந்து வருவது கொதிநீர் மாதிரி. அதை அப்படியே ஊற்றினால் வேர் வெந்துவிடும். இரவில் வாளியில் பிடித்து வைத்து விடியற்காலையில் ஊற்றுகிறோம். சாடிக்குச் சொட்டுச் சொட்டாய் ஊற்றினால் உப்பு மேலே வெள்ளையாகப் படியும். கிழமைக்கு ஒருமுறை அடித்துளையால் ஓடும்வரை ஊற்றுங்கள்.

இரண்டு கோடை தாண்டிவிட்டது. "எங்கட வேலி" என்று மகள் எல்லோருக்கும் காட்டுகிறாள். கத்தரித்த தடிகள் ஈரமண்ணில் வேர்விடும். அப்பாசியாவில் இருப்பவர்கள் நவம்பரில் வந்தால் ஆளுக்கு நாலு தடி தரலாம்.