மோரும் மாத்திரையும்

தாம்பரத்தில் வசிக்கும் அந்தப் பெண், எடை குறைக்க ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ செய்து இரண்டு வருடமாகிறது. இரைப்பை சிறுத்து, உணவின் பாதை மாறினால் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் மாறும். அவருக்கு அடிக்கடி வயிறு உப்பியது.

“மோர்ல இல்லாத நல்ல பாக்டீரியாவா? மாத்திரை எதுக்குடி?” என்றார் அம்மா. மகள் பி12 மாத்திரையை நிறுத்தினார். ஒரு வருடத்தில் பாதம் மரத்துப்போனது.

2009-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், இதே சிகிச்சை பெற்ற 44 பேரில் புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு மூன்றாம் மாதம் பி12 அளவு கூடுதலாக இருந்தது உண்மைதான்.

“ஆனா அது துணைதாம்மா. பி12 ஆயுசுக்கும் வேணும்” என்றார் டாக்டர்.

இப்போதும் மதியம் அம்மா மோர் தருகிறார். கூடவே மாத்திரையையும் நீட்டுகிறார்.