குடத்துக்காரரின் இரண்டாவது ஆட்டம்

காருகுறிச்சி என்றதும் நாதஸ்வரம் அருணாசலம்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில் இருக்கும் அந்த ஊருக்கு இன்னொரு ஓசையும் உண்டு. அது மண்பானையின் ஓசை. சூளையிலிருந்து இறக்கி அடுக்கிய பானைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காதருகே வைத்து விரல் மொழியால் தட்டிக்கொண்டிருந்தார் அவர். எதுவும் பிடிக்கவில்லை.

"தண்ணிக் குடம் வேற, வில்லுக் குடம் வேற அண்ணாச்சி. இதுக்குக் கழுத்துல கனம் இருக்கணும். வேக்காடு சரியில்லன்னா நடுச்சாமத்துல சத்தம் செத்துரும்."

வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவர். வயது நாற்பதுக்கு மேல். அதற்கு முன்னால் கபடியில் இடது கார்னர். நான் அவரைத் தேடிப் போனதே அந்த இரண்டாவது தகவலுக்காகத்தான்.

தாமிரபரணிக் கரையில் காலில் வலுவுள்ள பையனுக்குக் கபடி வெறும் விளையாட்டல்ல, வேலைக்கான வழி. ஆற்றின் கீழ்முனையில், தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து வந்த கணேசன் சேரன்மகாதேவி சன் பேப்பர் மில் அணிக்கு ஆடினார். மின்வாரியத்துக்குப் போனார், இந்திய அணிக்குப் போனார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1995-இல் அர்ஜுனா விருது. அவர் வாழ்க்கையைத் தழுவிய மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' படம் 2025-இல் வந்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரிந்தது. இங்கே அது தெருவில் பேசிப் பேசித் தேய்ந்த கதை. "நான் இந்தியாவுக்கு ஆடணும்னு நெனச்சதே இல்ல. அந்த மில்லு டீம்ல ஒரு இடம், மாசச் சம்பளம். அம்புட்டுத்தான்" என்றார் குடத்துக்காரர். ஓர் இரவு ஆட்டத்தில் ரைடரின் கணுக்காலைப் பிடித்தபோது மேலே மூன்று பேர் விழ, முட்டி திரும்பிக்கொண்டது. கட்டுப் போட்டார்கள், எண்ணெய் தடவினார்கள். இருபத்திரண்டு வயதில் ஆட்டம் முடிந்தது.

வில்லுக்கு வந்தது தற்செயல். ஒன்றுவிட்ட அக்காவின் குழுவில் குடம் அடித்தவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கோயில் கொடை விழாவுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. சும்மா வீட்டில் கிடந்தவனைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள்.

நான் பார்த்தது ஆற்றின் தென்கரையில் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை. பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கிற பங்குனி, சித்திரையில்தான் ஊர்க்காரர் கையில் காசும் பொழுதும் இருக்கும். பந்தலில் வைக்கோல் புரிமணை மேல் குடத்தை வைத்தார்கள். பனை வைரத்தில் செதுக்கிய வில்லை, வளைந்த முதுகு கீழே வரும்படி, குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். வில் நெடுக மணிகள். மேலே நாண். அதன் முன்னால் இரண்டு வீசுகோல்களோடு அக்கா உட்கார்ந்தார். பக்கத்தில் உடுக்கை, தாளம், கட்டை, பின்பாட்டு.

குடத்துக்காரரின் வலக்கையில் கமுகம்பாளையை வெட்டித் தைத்த ஒரு தட்டை. குடத்தின் வாயில் அதை அறைந்தால் நம் அடிவயிற்றில் இறங்குகிறது சத்தம். இடக்கையில் பழைய ஒரு ரூபாய் நாணயம். கழுத்தில் அது கிண்கிண்ணென்று ஓடுகிறது. இரண்டு கைக்கும் இரண்டு கணக்கு. முதல் வருடம் முழுக்கத் தனக்கு ஒரு கைதான் வேலை செய்தது என்றார். "கார்னர்ல நிக்கவன் ரைடர் மூஞ்சியப் பாக்கக் கூடாது, காலத்தான் பாக்கணும். இங்க அக்கா கோல மட்டும் பாக்கேன்."

அன்று முத்துப்பட்டன் கதையும் பாடினார்கள். பிராமணக் குலத்தில் பிறந்தவன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க, பூணூலை அறுத்துவிட்டுத் தோல் பதனிட்டுச் செருப்புத் தைக்கிறான். மாமனாரின் ஆநிரையைக் காக்கப் போய் உயிரை விடுகிறான். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக அவனுக்கு இன்றும் செருப்பு காணிக்கை வருகிறது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று பின்னாளில் கதையைத் திருத்திக்கொண்டதைப் பேராசிரியர் நா. வானமாமலை எடுத்துக் காட்டியிருக்கிறார். நீங்கள் எதைப் பாடுவீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஊரப் பொறுத்து" என்றார்.

நடுச்சாமப் பூசையான சாமக்கொடை நெருங்கியதும் கதை சுடலைக்குத் திரும்பியது. சாமியாடி எழுந்து நின்றார். மணியும் உடுக்கையும் முந்த, குடம் பின்னாலிருந்து தள்ளியது. அருள் வரும் தருணத்தில் தாளம் ஒரு இம்மி பிந்தினாலும் ஊர் மறுநாள் சொல்லிக் காட்டும். அப்போது குடத்துக்காரர் வீசுகோலைப் பார்க்கவில்லை. அவர் கண் சாமியாடியின் பாதத்தில் இருந்தது. கட்டைவிரல் மண்ணை அழுத்திய நொடியில் நடை மாறியது. பிறகு கேட்டதற்கு, "பழைய புத்தி, போக மாட்டேங்குது" என்று சிரித்தார்.

ஆடி கழிந்தால் அழைப்பு குறைந்துவிடும். அக்கா பீடி சுற்றுகிறார். சுற்றிக்கொண்டே பாட்டை முணுமுணுப்பது அவருடைய ஒத்திகை. குடத்துக்காரர் செங்கல் லோடு ஏற்றுகிறார். சினிமாவோ மேடையோ ஒருவரை வேறு ஆளாக்கிவிடும் என்று எழுதுவது நம்மைப் போன்றவர்களுக்கு எளிது. நெல்லை தங்கராஜ் பல பத்தாண்டுகள் பெண் வேடமிட்டுக் கூத்தில் ஆடியவர். 2018-இல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனின் அப்பாவாக அவரை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் அவர் வெள்ளரிக்காய் விற்றார். 2023 பிப்ரவரியில் காலமானார். சினிமா அவரைக் கண்டுபிடித்தது என்கிறார்கள். அவர் காணாமல் போகவே இல்லை, பார்க்க வேண்டியவர்கள்தான் கொடைக்கு வரவில்லை.

எதிர்த்திசையில் போனவர் சுப்பு ஆறுமுகம். 1928-இல் திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு சென்னைக்குப் போய், படங்களுக்கு நகைச்சுவை எழுதி, கடைசியில் வில்லையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். 2021-இல் பத்மஸ்ரீ, அடுத்த ஆண்டு மறைவு. சபா மேடைக்கு வில்லை ஏற்றியது பெரிய காரியம்தான். ஆனால் சபாவில் யாருக்கும் சாமி வர வேண்டியதில்லை. அந்தப் பாரம் இல்லாத வில் வேறு வில் என்றே எனக்குப் படுகிறது.

கலை அழிகிறது என்று குழுவில் ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் குறை வேறு. குழுக்கள் பெருகிவிட்டன, யூடியூபில் முகம் தெரிந்த பாடகிக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை, இருபது நிமிஷம் பாடியதும் சினிமாப் பாட்டு கேட்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007-இல் வந்தது. அதன் அட்டை அக்காவின் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது.

விடிந்ததும் வேன் பக்கத்தில் வைத்துப் பணத்தைப் பங்கு போட்டார்கள். வில்லுக்கும் ஒரு பங்கு உண்டு. தோலும் மணியும் மாற்ற அது ஆகும். குடத்துக்காரர் தன் பங்கை எண்ணாமல் மடித்து வைத்துக்கொண்டு என்னைத் தனியே அழைத்தார். சாயங்காலங்களில் ஊர்ப் பையன்களுக்கு அவர் கபடி சொல்லிக்கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. அவர்களில் ஒருவன் பள்ளி அளவில் மாநிலப் போட்டிக்குப் போய் வந்திருக்கிறான்.

"அரசாங்க வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு மூணு பர்சன்ட் இருக்குல்லா? அவன் சர்டிபிகேட் அதுக்குச் செல்லுமான்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. எழுதுதவியளுக்கு ஆள் தெரிஞ்சிருக்கும்."

விசாரிக்கிறேன் என்றேன். குடத்துக்கு அப்படி ஏதாவது உண்டா என்று பின்பாட்டுக்காரப் பெண் கேட்டாள். வேனுக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "ஏல தம்பி, பேசினது போதும், குடத்தத் தூக்கு. ஆலங்குளத்துல உச்சிக்கொடைக்கு நேரமாவுது."