மகத்துக்குப் போகாத வருஷங்கள்

செங்கல் சூளைகளிலிருந்து மீட்கப்படும் குடும்பங்களிடம் வாக்குமூலம் எழுதுவது என் வேலை. எவ்வளவு முன்பணம், எப்போது வாங்கியது, கூலி என்ன, வெளியே போக விட்டார்களா, வேறு இடத்தில் வேலை பார்க்க முடிந்ததா? 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு)ச் சட்டம் கேட்பது ஏறக்குறைய இவ்வளவுதான். கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் தருவார்.

சிக்கல் அந்த ‘எப்போது’வில் இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து இருளர் குடும்பங்களில் வருஷக் கணக்கு சொல்பவர்கள் குறைவு. முதலாளியின் நோட்டில் தேதி இருக்கும், ஆனால் அது அவர் எழுதிக்கொண்ட தேதி. ஆண்கள் தொகையைச் சொல்வார்கள். பெண்கள் பிள்ளையைச் சொல்வார்கள்.

“பெரியவன் வயித்துல இருக்கசொல்ல மேஸ்திரி வந்து அட்வான்ஸ் குடுத்தாருக்கா.”

“பெரியவன் எப்ப பொறந்தான்?”

“தானே பொயலு அடிச்சுதே, அப்ப தவழ்ந்துனு இருந்தான்.”

தானே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. தவழ்கிற பிள்ளைக்கு எட்டு மாதம் என்று வைத்தால் பிறந்தது சித்திரை வாக்கில். அப்படியானால் முன்பணம் வாங்கியது அதற்கு முந்தின பொங்கலை ஒட்டி. சூளையில் கல் அறுப்பு தொடங்குவதும் அப்போதுதான். 2008 நிஷா, 2015 வெள்ளம், 2016 வர்தா எல்லாம் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு இருக்கின்றன.

புயலைவிட மாசி மகம் இன்னும் உதவும். மகத்தன்று இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, மொட்டை எல்லாம் அந்த மணலிலேயே நடக்கும். ஆனால் மாசி என்பது சூளையில் வேலை மும்முரமான மாதம். “உங்களை வெளியே விட்டாங்களா?” என்று கேட்டால், “கடைக்கு வுடுவாங்க” என்று பதில் வரும். அதை எழுதினால் வழக்கு அங்கேயே செத்துவிடும். “கடைசியா எப்ப மகத்துக்குப் போனீங்க?” என்று கேட்க வேண்டும். “எங்கக்கா வுட்டாங்க? சின்னவளுக்கு இன்னும் காதே குத்தல.” சின்னவளுக்கு வயது ஆறு. சட்டம் சொல்லும் நடமாடும் உரிமை போன கதை அந்தக் குழந்தையின் காதிலேயே தெரிந்துவிடுகிறது.

இப்படிக் கேட்க எனக்கு எந்தப் பயிற்சி முகாமும் கற்றுத்தரவில்லை. அம்மாவிடமிருந்து வந்தது. ஒரு வருஷத்தையும் எண்ணால் சொன்னதில்லை அவள். நான் மஞ்சள்காமாலையில் படுத்தது, மாமா வீட்டு மாடு கன்று போட்டது, இப்படித்தான் எங்கள் குடும்ப வரலாறு அவளிடம் இருந்தது.

வேலையையும் பிள்ளையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. (என்னோடு களத்துக்கு வருகிற ஆண்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.) சமாளித்தது அம்மா. ஒரு மீட்பு விடியற்காலையில் தொடங்கினால் விசாரணை, சாப்பாடு, வண்டி, அந்தக் குடும்பங்கள் ராத்திரி தங்க இடம் என்று மறுநாள் வரை இழுக்கும். அதுவரை என் மகள் பாட்டியோடு இருப்பாள். கூலியில்லா உழைப்பை எதிர்த்து நான் பேசிய கூட்டங்கள் பலவும் கூலியில்லாத அவள் உழைப்பில்தான் நடந்தன. சொன்னால், “போடி, பேத்தியப் பாத்துக்க கூலியா?” என்பாள்.

அம்மா போன பிறகு ஒருநாள் மருத்துவர் என் மகளுக்கு அம்மை எந்த வயதில் வந்தது என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அதிலிருந்து, மீட்கப்பட்ட குடும்பங்களில் ஆயா இருந்தால் நான் முதலில் அவரிடம்தான் உட்காருகிறேன். முதலாளியின் கணக்கில் அவர் தொழிலாளியே இல்லை. அதனால் மிரட்டலும் அவர்வரை அதிகம் எட்டியிருக்காது. யார் எப்போது வந்தார்கள், யார் தப்பி ஓடினார்கள், யார் அடிவாங்கினார்கள் எல்லாம் அவருக்கு வரிசையாகத் தெரியும்.

எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு எல்லோரும் உயிரோடு இருப்பவர்களைத்தான் சொல்கிறார்கள். மூத்தவனுக்கும் அடுத்தவளுக்கும் ஐந்து வருஷ இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் நான் உடனே கை வைப்பதில்லை. அந்தப் பருவத்தில் எத்தனை மாதம் கல் அறுத்தீர்கள், எப்போது வேலைக்குப் போகாமல் இருந்தீர்கள் என்று வேலையைக் கேட்பேன். வேலை நின்ற இடத்தில் அவர்களே சொல்வார்கள்.

எனக்கும் என் மகளுக்கு முன்னால் ஒன்று ஏழாம் மாதத்தில் போனது. யாராவது கேட்டால் ஒரு பெண் என்றுதான் சொல்கிறேன். அம்மா மட்டும் என் மகளை ‘ரெண்டாவது பேத்தி’ என்பாள். இப்போது அந்தக் கணக்கு வைத்திருப்பவர் இல்லை. வாக்குமூலம் எழுதும்போது இதை நான் சொல்வதில்லை. நம் துக்கத்தைச் சொன்னால் எதிரில் இருப்பவர் மனம் திறப்பார் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தன் பிள்ளையைப் பற்றிப் பேச வந்தவள் என்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

சூளையில் இறந்த ஒரு கைக்குழந்தையைப் பற்றி நான் எழுதிய பத்தியை ஓர் அலுவலகத்தில் அடிக்கச் சொன்னார்கள். “முன்பணமும் கூலியும் போதும்மா, இதெல்லாம் எதுக்கு?” காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகத் தாய் கேட்டாள், கணக்கு முடிக்காமல் போகக்கூடாது என்று மேஸ்திரி மறித்தார். நடமாட விடவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறென்ன? பத்தி நின்றது. இப்போது என் வரைவுகளில் இப்படிப்பட்ட பத்தி முதல் பக்கத்திலேயே வருகிறது.

சான்றிதழோடு வேலை முடிவதில்லை. மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கு இரண்டு லட்சம் என்கிறது 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம். முழுத் தொகையும் கைக்கு வர வழக்கில் தண்டனை கிடைக்க வேண்டும். அதற்குள் வருஷங்கள் ஓடும். எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் நிற்பவளை எந்த வருஷம் கடன் வாங்கினாய் என்று கட்டாயம் கேட்பார். வருஷத்தை மனப்பாடம் பண்ண வேண்டாம், என்னிடம் சொன்னபடியே சொல்லுங்கள் என்பேன். அவள் புயலைச் சொல்லட்டும், பிள்ளையைச் சொல்லட்டும். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர், 15ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவர்.