இடுப்பில் எடுத்த எலும்பு

முறிந்து பொருந்தாமல் நிற்கும் எலும்பை ஒட்டவைக்க இடுப்பிலிருந்து எலும்பு எடுப்பார்கள் என்றால் கனபேர் நம்புகிறார்களில்லை. "பிறகு நடக்கேலுமோ?" என்பதுதான் முதற்கேள்வி. நடக்கலாம். எனது காலுக்கும் அப்படித்தான் எடுத்தார்கள்.

நாரிக்குக் கீழே கையை ஊன்றுவோமே, அந்த மேல்விளிம்பிலிருந்துதான் எடுப்பது. முன்முனையிலிருந்து 2, 3 சென்ரிமீற்றராவது தள்ளித்தான் வெட்டுவார்கள். கிட்ட வெட்டினால் முனை முறியலாம். தொடைக்குப் போகும் உணர்வு நரம்பும் காயப்படலாம். சில வைத்தியர்கள் விளிம்பை மூடி போலத் திறந்து, உள்ளேயிருக்கும் பஞ்சு போன்ற எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப மூடிவிடுவார்கள். கூடத் தேவையென்றால் முதுகுப்பக்கமாக எடுப்பார்கள்.

சொந்த எலும்பில் உயிருள்ள கலங்கள் இருக்கின்றன. உடலும் அதை அந்நியமாகப் பார்க்காது. அதுதான் அதன் பெறுமதி.

ஆனால் எனக்குக் கால் நோவைவிட இடுப்பு நோவுதான் கனநாள் இருந்தது. பலருக்கும் இப்படி நடப்பதுண்டு. ஆகவே கையெழுத்து வைக்கமுதல் கேளுங்கள்: எந்தப் பக்கம், எவ்வளவு, இடுப்பு நோவுக்கு என்ன செய்வீர்கள்? மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எலும்பு உங்களுடையது.