ஆறு நல்லாருக்குடா…

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் விடிகாலை நாலரைக்கே போய்க் காத்திருந்து எடுத்த காட்சி. ஒரு தாத்தாவைப் பற்றிய என் 7 நிமிடக் குறும்படத்தில் வெள்ளாறு மட்டும் 90 நொடி ஓடும். சிதம்பரத்தில், விடுதி அறையில், பசங்களுக்குப் போட்டுக் காட்டினேன்.

"ஆறு நல்லாருக்குடா, தாத்தா எப்ப வருவாரு?" என்றான் ஒருத்தன். சுருக்கென்றது. காற்று இரைச்சலில் தாத்தா பேசியது பாதி விளங்கவில்லை என்றான் இன்னொருத்தன். பாட்டு வைக்கச் சொன்னவனை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

கலைஞர் டிவி 'நாளைய இயக்குநர்' மேடையில் கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் குறும்படம் காட்டி நடுவர்களிடம் விமர்சனம் வாங்கியவர்கள்தானே. எனக்கு நடுவர்கள் இந்த மூணு பேர்; கூலி ஆளுக்கொரு டீ.

ஆற்றை 12 நொடியாக வெட்டிவிட்டேன். தாத்தாவின் குரலை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பதிவு செய்தோம். இப்போது அவர் முதல் காட்சியிலேயே கரும்பு வண்டியில் வந்து இறங்குகிறார்.